நெற்றியில் இல்லாத திருநீறு

வென்ற்வேர்த்வில், சிட்னி
20 ஜனவரி 2025

அம்பயர் யோன் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என் பெயர் ரஞ்சினி. போன சனிக்கிழமை உங்கள் மெல்பேர்ண் மைதானத்தில், விளையாட்டின் நடுவில் நீங்கள் வெளியே அனுப்பினீர்களே, சிட்னி அணிக்குப் பந்தெறிந்த பிரஷாந்தன், அவனுடைய தாய். வேலிக்கு வெளியே நீலநிற மடக்குக் கதிரையில் இருந்து எழும்பி நின்று கத்தியவளும் நான்தான். இவர், பிரஷாந்தனின் அப்பா, என் கையைப் பிடித்து இழுத்து, "பேசாம இரும், ஆக்கள் பாக்கினம்" என்றார். ஆக்கள் பார்க்கட்டும் என்றுதான் கத்தினேன்.

அன்று என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒருமுறை கேளுங்கள். அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் பேஸ்போலுக்காக ஒன்றோடொன்று அடிபடுகின்றன. நல்லாகப் பந்தெறிகிற பிள்ளை எங்கே இருந்தாலும் ஆள் அனுப்பித் தேடுகிறார்கள். அன்று கூடாரத்தின் கீழ் வெள்ளைத் தொப்பியோடு இருந்தவர் தெற்கே வெயில் மாநிலம் ஒன்றிலிருந்து என் பிள்ளைக்காகவே வந்தவர். காலையில் எங்களோடு கைகுலுக்கி, ஓகஸ்ட் மாதமே சேர்த்துக்கொள்ளலாம் என்ற மாதிரிப் பேசினார். சொந்தக்காரர் எல்லாம் "கிரிக்கெற் விளையாடாமல் இதென்ன தடிச்சண்டை" என்று சிரித்தபோதும் இத்தனை வருடம் அவனைக் காரில் ஏற்றி இறக்கியது இந்த ஒரு நாளுக்காகத்தான்.

பிறகு உங்கள் ஊர்க் கோச் வந்து உங்கள் காதில் ஏதோ ஓதினார். சிட்னிக்காரன் வென்றால் மெல்பேர்ண்காரருக்குச் சோறு இறங்காது. நீங்கள் போய்ப் பிள்ளையின் கையை விரித்துப் பார்த்தீர்கள். பின் பொக்கெற்றில் இருந்த கடதாசிச் சரையை எடுத்து விரித்து மணந்து பார்த்தீர்கள். பிறகு கையை நீட்டி வெளியே போ என்றீர்கள். வெள்ளைத் தொப்பிக்காரர் பையை மூடிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

அது மேய்ஸ் ஹில் முருகன் கோயில் திருநீறு. பன்னிரண்டு வயதிலிருந்து ஒவ்வொரு விளையாட்டுக்கும் நான் மடித்து வைத்து விடுகிற சரை. பந்தெறிகிறவன் நிற்கிற எறிமேட்டுக்குப் பின்னால் ஒரு பையில் வெள்ளைப் பவுடர் கிடக்கிறது, கை வழுக்காமல் இருக்க எல்லாரும் தொட்டுத் தொட்டு எறிகிறார்கள். அது சரி, சாமியின் திருநீறு பிழையா?

வெள்ளைக்கார அம்பயர் செய்திருந்தால் தெரியாமல் செய்தான் என்று விட்டிருப்பேன். நீங்கள் தமிழர். தெரிந்துகொண்டே செய்தீர்கள். உங்கள் விலாசத்தைத் தந்தவர் என்னோடு வேலை செய்கிற ஞானமலர் அன்ரி. அவரும் உங்களைப்போல மன்னார் ஆள். நீங்கள் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர் என்றும் சொன்னார். அதனால்தானோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை மறைக்க எனக்குத் தெரியாது.

ரெலிபோனில் பேசினால் அழுவேன் அல்லது கத்துவேன். அதனால்தான் எழுதுகிறேன். பதில் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

ரஞ்சினி


சன்ஷைன், மெல்பேர்ண்
1 பெப்ரவரி 2025

அன்புள்ள தங்கச்சி ரஞ்சினி,

அம்பயராக நிற்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்குத் திட்டு விழாத சனிக்கிழமை குறைவு. ஆனால் விலாசம் தேடிப் பிடித்து, முத்திரை ஒட்டித் திட்டியது நீங்கள் ஒருவர்தான். அதுவும் தமிழில். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதலில் அதற்கு நன்றி.

இந்த உறைக்குள் உங்கள் சரை இருக்கிறது. மைதானத்தில் கைப்பற்றிய பொருளைப் போட்டி அலுவலரிடம் கொடுப்பது வழக்கம். அவர் அதை எங்கே போடுவார் என்று எனக்குத் தெரியும். கழிவறைக்குப் பக்கத்தில் இருக்கிற குப்பைத் தொட்டியில். அதனால் "இதை நான் வைத்திருக்கிறேன்" என்று சொல்லி என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அன்று முழுவதும் அது என் நெஞ்சோடுதான் இருந்தது. எங்கள் வீட்டில் மாதாவின் படத்துக்குக் கீழே வைத்திருந்து இப்போது அனுப்புகிறேன். பாதி சிந்தியிருந்தால் அது தபால்காரரின் குற்றம்.

வேதக்காரன் என்றதற்குக் கோபமில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். எங்களுக்கும் திருநீற்றுப் புதன் இருக்கிறது. தவக்காலம் தொடங்குகிற அன்று பங்குச் சுவாமியார் நெற்றியில் சாம்பலால் சிலுவை போடுவார். ட்ராம் ஓட்டிய காலத்தில் அதோடுதான் வேலைக்குப் போவேன். "முகத்தில் அழுக்கு" என்று ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாம் சொல்லுவான். ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு ஓட்டுவேன். சாம்பலைப் பற்றி நக்கல் பண்ணுகிற ஆள் நானில்லை.

எறிமேட்டுப் பவுடரைப் பற்றிக் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அந்தப் பை எல்லார் கண்ணுக்கும் முன்னால் கிடக்கிறது. இரண்டு அணிப் பிள்ளைகளும் ஒரே பையைத்தான் தொடுகிறார்கள். பொக்கெற்றுக்குள் இருப்பது ஒருவனுக்கு மட்டும் உரியது. எறிகிறவன் கையில் வேறெதுவும் பூசக்கூடாது என்பதுதான் விதி, அது எங்கிருந்து வந்தது என்று விதி கேட்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதுவதா விடுவதா என்று நாலு நாள் யோசித்தேன். விட்டால் என் மனம் ஆறாது. பிரஷாந்தனின் தொப்பியைக் கழற்றச் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? மற்றவர்கள் தொப்பிக்குள் ஏதாவது ஒளித்திருக்கிறானா என்று பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். நான் நெற்றியைப் பார்த்தேன். திருநீறு வைத்திருக்கிற பிள்ளை முதலில் எங்கே பூசுவான் என்று அந்த மைதானத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு விரல்களிலும் இருந்தது. நெற்றியில் இல்லை.

வியர்வையில் அழிந்திருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். இருக்கலாம். ஆனால் அன்று மத்தியானத்துக்குப் பிறகு தெற்குக் காற்று வந்து எங்கள் ஊர் வழக்கப்படி ஒரேயடியாகக் குளிர்ந்துவிட்டது. நீங்களும் ஒரு சிவப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் கத்தினீர்கள்.

மனதை நோகடித்திருந்தால் மன்னியுங்கள்.

யோன்


வென்ற்வேர்த்வில்
12 பெப்ரவரி 2025

யோன் அண்ணாவுக்கு,

அண்ணா என்று எழுதிவிட்டேன். சரையைத் திருப்பி அனுப்பியவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? நேற்றுத் தைப்பூசம். கோயிலுக்குப் புறப்படுகிற நேரத்தில்தான் உங்கள் உறை வந்தது. காரில் இருந்து திறந்தேன். சரை கிழியாமல் இருந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் பயந்துபோய்க் காரை ஓரமாக நிறுத்தினார். மிக்க நன்றி அண்ணா. போன கடிதத்தில் எழுதிய அந்த ஒரு வசனத்துக்காக வெட்கப்படுகிறேன்.

ஆனால் நெற்றிக் கதையை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவன் அடிக்கடி தொப்பியைக் கழற்றித் துடைக்கிறவன். பிள்ளையின் பழக்கம் தாய்க்குத் தெரியாதா?

இப்போது ஓர் உதவி கேட்கிறேன். வெள்ளைத் தொப்பிக்காரர் இன்னும் கதவைப் பூட்டவில்லை. அது சமய வழக்கம்தான், ஏமாற்று இல்லை என்று அன்றைய அம்பயரே எழுதித் தந்தால் மறுபடி யோசிப்போம் என்று மின்னஞ்சல் போட்டிருக்கிறார். உங்கள் ஒரு பக்கக் கடிதத்தில் என் பிள்ளையின் படிப்பே இருக்கிறது. சின்ன வயதில் குளிர் வந்தால் அவனுக்கு இழுப்பும் வரும். அந்த மாநிலத்தில் வருடம் முழுக்க வெயிலாம், பெப்ரவரியிலேயே வெளியில் விளையாடலாமாம்.

வேறொரு கோச்சும் விடாமல் கூப்பிடுகிறார். அவருடைய பல்கலைக்கழகம் வடக்கே, கனடா எல்லைக்குக் கிட்ட. ஏப்ரல் தொடங்கும்வரை மைதானம் பனிக்குக் கீழே கிடக்குமாம். பிள்ளைகள் கூரைக்குக் கீழே பந்தெறிந்து பழகிவிட்டு, பெப்ரவரியில் தெற்கே போய், அங்கு மாதக்கணக்காக வெயிலில் விளையாடிய பிள்ளைகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வருவார்களாம். அதனால்தான் அவுஸ்திரேலியப் பிள்ளைகளில் அவருக்கு ஆசை. அங்கே பனிக்காலம் என்றால் இங்கே எங்களுக்குக் கோடை, கை சூடாகவே இருக்கும் என்கிறார். அந்த மனுசன் வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வீடியோவில் பேசுகிறார். அங்கே என் பிள்ளையை அனுப்புவேனா?

எழுதித் தருவீர்களா அண்ணா?

அன்புடன்
ரஞ்சினி


சன்ஷைன்
20 பெப்ரவரி 2025

அன்புள்ள தங்கச்சி,

எழுதிவிட்டேன். ஒரு பக்கம். என் மகள் ஜெசிக்காதான் ஆங்கிலத்தைத் திருத்தித் தட்டச்சுச் செய்தாள். அதில் என்ன இருக்கிறது என்றால், அது கோயில் திருநீறு, தமிழ்ச் சைவக் குடும்பங்களில் தாய்மார் பிள்ளைகளுக்குக் கொடுத்து விடுவது வழக்கம், அந்தப் பிள்ளை என்னிடம் ஒரு சொல்லும் எதிர்த்துப் பேசவில்லை. மூன்றும் உண்மை. கையெழுத்தும் போட்டாயிற்று. மேசையில் கிடக்கிறது.

நெற்றியைப் பற்றி அதில் நான் எழுதவில்லை. அவர்கள் கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் சொல்லமாட்டேன். அப்படிப் பாதி சொல்வதும் எனக்கு உள்ளுக்குள் குத்துகிறது என்பதை உங்களிடம் மறைக்கவில்லை.

இன்னும் ஒன்று. அந்த விரல்களை நான் தொட்டுப் பார்த்தேன். திருநீறு உலர்ந்த பொருள், ஊதினால் பறக்கும். அவன் விரலில் இருந்தது பறக்கவில்லை. ஒட்டியது. என் விரலைப் பிரிக்கும்போது இலேசாக இழுத்தது. குளிர்காற்று வீசுகிற பின்னேரத்தில் அது வியர்வையாக இருக்க முடியாது.

நான் ஒன்றும் முடிவு கட்டவில்லை தங்கச்சி. அவனிடம் ஒருமுறை கேளுங்கள். கத்தாமல் கேளுங்கள். கேட்டபிறகு "அனுப்புங்கோ அண்ணா" என்று ஒரு சொல் எழுதினால் அன்றே தபாலில் போடுவேன். கேட்டேன் என்று மட்டும் சொன்னால் போதும், என்ன சொன்னான் என்று நான் கேட்கமாட்டேன்.

யோன்


வென்ற்வேர்த்வில்
6 மார்ச் 2025

யோன் அண்ணா,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் கிழிக்கத்தான் போனேன். இவர் பறித்து வைத்துக்கொண்டார். "என்ன தைரியம்" என்று ஒரு கிழமைக்கு மேல் குசினிக்குள் தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றோடும் சண்டை பிடித்தேன். கேட்கவில்லை. கேட்கப் பயம் என்று இப்போது விளங்குகிறது.

நேற்று உங்கள் திருநீற்றுப் புதன். நான் வேலை செய்வது வைத்தியசாலைச் சமையலறையில். ஞானமலர் அன்ரி காலைப் பூசை கண்டு, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்தார். நேற்று சிட்னியில் என்ன வெக்கை, எங்கள் சமையலறையில் அதற்கு மேலே சோற்று ஆவி. அன்ரி முகத்தை எத்தனை தரம் துடைத்தார். வேலை முடிந்து அங்கியைக் கழற்றும்போதும் நெற்றியில் சாம்பல் நிறம் அப்படியே தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "என்ன பிள்ளை, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறாய்?" என்று அன்ரி கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

பின்னேரம் பரமட்டா ஸ்ரேசனில் பிரஷாந்தனை ஏற்றினேன். காரைக் கோயில் பக்கம் திருப்பினேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போது கேட்டேன். கத்தவில்லை அண்ணா. நீங்கள் சொன்னதற்காகக் கத்தவில்லை.

"தம்பி, உன்ர கையில இருந்தது திருநீறு மட்டுமோ?"

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான். "இல்லை அம்மா. சன்ஸ்கிரீனும்."

முன்கையில் பூசுகிற சன்ஸ்கிரீனைத் திருநீற்றோடு குழைத்தால் பந்து விரலில் ஒட்டுமாம். நன்றாகச் சுழலுமாம். இரண்டு வருடத்துக்கு முன், இங்கே ஒரு பிசுபிசுத்த மாசி மாத நாளில் அவனுடைய கை வழுக்கிப் பந்து மற்ற அணிப் பெடியன் ஒருவனின் கன்னத்தில் பட்டது. எனக்கு ஞாபகம் இருக்கிறது, அந்தப் பெடியனின் வாயெல்லாம் இரத்தம். அன்றிலிருந்து வெறுங்கையோடு எறியப் பயமாம். பயத்தில் தொடங்கினது, பிறகு நல்லாக வருகிறது என்று விடவில்லை.

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"ஒருக்கா ஒரு அம்பயர் கேட்டவர் அம்மா. இது என்ர சமயம் எண்டு சொன்னன். அவர் சொறி சொல்லிப்போட்டுப் போயிட்டார். அதுக்குப் பிறகு ஒருத்தரும் கேக்கேல்லை."

அண்ணா, இந்த இடத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏமாற்றியதைக்கூட மன்னிப்பேன், பயந்த பிள்ளை. முருகனைக் கொண்டுபோய் அந்தக் களவுக்கு முன்னால் காவல் நிற்பாட்டினானே. அதற்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் சரை மடித்துக் கொடுத்தது நான். சரை எப்போதும் வெறுமையாகத்தான் திரும்பி வரும். பிள்ளைக்கு எவ்வளவு பக்தி என்று ஞானமலர் அன்ரியிடம் பெருமை பேசியிருக்கிறேன்.

கோயிலில் ஐயர் திருநீற்றுத் தட்டை நீட்டினார். அவன் கையை நீட்டவில்லை. பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பதினெட்டு வயது, என்னைவிட ஓர் அடி உயரம். அறைய வேண்டும்போல இருந்தது. குனியடா என்றேன். குனிந்தான். நானே நெற்றியில் பூசிவிட்டேன்.

அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம் அண்ணா. வெயில் மாநிலம் போனால் போகட்டும். நீங்கள் கேட்காமல் விடுவேன் என்றீர்கள், ஆனால் உங்களிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. நீங்கள் மட்டும் அந்த நெற்றியைப் பார்க்காமல் விட்டிருந்தால் இவன் இன்னும் எவ்வளவு தூரம் போயிருப்பான்? அங்கே, எங்களில் ஒருவரும் இல்லாத ஊரில் பிடிபட்டிருந்தால்?

நன்றி என்று எழுதுகிறேன். அது காணாது என்றும் தெரியும்.

ரஞ்சினி


சன்ஷைன்
13 மார்ச் 2025

அன்புள்ள தங்கச்சி,

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். ஜெசிக்காவுக்குத்தான் கவலை, ஆங்கிலம் நல்லாக வந்திருந்ததாம்.

நன்றி சொல்ல வேண்டியது நான். அன்றைய போட்டிக்குப் பிறகு நானும் சரியாக நித்திரை கொள்ளவில்லை. ஒரு தமிழ்ப் பிள்ளையை, ஊர் முழுக்கப் பார்த்திருக்க, திருநீற்றுச் சரையோடு வெளியே அனுப்பிவிட்டேனே என்று. எங்கள் கோயில் பங்கிலேயே இரண்டு பேர் என்னோடு கதைக்காமல் விட்டார்கள். நான் கண்டது சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்த நாளும் உண்டு. நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் சாகும்வரை அந்தச் சந்தேகம் இருந்திருக்கும். உங்கள் கோபத்தை வைத்துக்கொண்டு இதை எழுதுவது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்கு விளங்குகிறது.

கம்பளித் தொப்பிக் கோச் எனக்கும் ரெலிபோன் எடுத்தார். அந்தக் கையில் என்ன இருந்தது என்று கேட்டார். பிள்ளையிடமே கேளுங்கள் என்றேன். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. இனி அது பிரஷாந்தனின் பாடு.

எப்படி எறிவது என்று அவனுக்குச் சொல்லித்தர என்னால் ஏலாது. நான் அம்பயர், எனக்கு எது பிழை என்று மட்டும்தான் தெரியும். ஆனால் பிழை இல்லாத ஒன்றும் விதியில் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். எறிமேட்டில் நிற்பவன் கையை வாய்க்குக் கொண்டுபோகக் கூடாது. ஆனால் கடும் குளிர் நாளில், கேட்டால், மற்ற அணிக் கோச்சும் சம்மதித்தால், கையில் ஊதிக்கொள்ள அம்பயர் அனுமதி கொடுக்கலாம். மெல்பேர்ண் குளிர்காலத்தில் நான் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். விரல் சூடானால் பந்து வழுக்குவது குறையும்.

கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

யோன்


வென்ற்வேர்த்வில்
24 ஓகஸ்ட் 2025

யோன் அண்ணா,

பிரஷாந்தன் போன கிழமை வடக்கே போய்ச் சேர்ந்துவிட்டான். ஓம், கம்பளித் தொப்பியிடம்தான். கெல்லிவில்லில் இருக்கிற எங்கள் இந்தியச் சிநேகிதி பிரவீணா, அவளும் குளிர் ஊரில் படித்தவள், உள்ளே போடுகிற வெப்ப உடுப்புகளை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து தந்தாள். "அக்கா, அங்க பனியே ஒரு ஊரு மாதிரி இருக்கும், பயப்படாதீங்க" என்றாள். அதைக் கேட்டுத்தான் எனக்குப் பயமே வந்தது.

கோச் வீடியோவில் கேட்டபோது நான் குசினிக்குள் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இவன் எல்லாவற்றையும் சொன்னான். சன்ஸ்கிரீன், அந்தப் பெடியனின் கன்னம், சமயம் என்று சொல்லித் தப்பியது எல்லாம். கோச் கடைசிவரை கேட்டார். பிறகு, வெறும் கையோடு எறிவாயா என்று கேட்டார். தெரியாது என்றான் இவன். வா, பார்ப்போம் என்றார். அணியில் இடம் நிச்சயம் இல்லை, படிக்க இடம் உண்டு, பந்தெறிந்து காட்டினால்தான் மற்றது. தெற்கில் கிடைக்க இருந்ததில் பாதியும் இல்லை. ஆனால் அன்று இரவு என் பிள்ளை பசித்துச் சாப்பிட்டான்.

விமான நிலையத்தில் சரை ஒன்று மடித்துக் கொடுத்தேன். "பொக்கெற்றுக்க வைக்கமாட்டன் அம்மா" என்றான். தெரியும், அறையில் வை என்றேன். உங்கள் விதியையும் சொல்லி அனுப்பினேன். கேட்டானோ இல்லையோ தெரியாது, காதில் அந்தப் பாட்டுக் கேட்கிற கருவியைச் செருகிக்கொண்டு நின்றான்.

ரஞ்சினி


சன்ஷைன்
18 பெப்ரவரி 2026

அன்புள்ள தங்கச்சி,

இன்று எங்கள் திருநீற்றுப் புதன். கோயிலால் வந்து நெற்றிச் சாம்பலோடுதான் எழுதுகிறேன்.

தெற்கே விளையாடப் போன இடத்தில் பிரஷாந்தனுக்கு விழுந்த அடியை ஜெசிக்கா கணினியில் காட்டினாள். அதுவும் அந்த வெள்ளைத் தொப்பிக்காரரின் பல்கலைக்கழகத்திடமே. உங்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தேன். அவன் எறிந்த பந்தில் பாதி, அடிக்கிறவனுக்கு எட்டுகிற எல்லைக்கு வெளியே போயிற்று. ஆனால் தங்கச்சி, அந்தப் பிள்ளைகள் ஐப்பசியிலிருந்து வெயிலில் நின்றவர்கள். இவர்கள் அந்தக் கிழமைதான் புல்லையே கண்டவர்கள். அவுஸ்திரேலியக் கோடையை வைத்து வெல்லலாம் என்று கோச் கணக்குப் போட்டார். பிள்ளையோ ஓகஸ்டிலேயே பனி ஊருக்கு வந்துவிட்டான், பிறகு எந்தக் கோடை? சூடு வந்தால் தோள் தானாக இளகும்.

நான் பார்த்தது வேறு. ஒவ்வொரு பந்துக்கும் முன் அவன் கையைக் காற்சட்டையில் துடைத்தான். பயந்த முகம்தான். ஆனாலும் துடைத்துவிட்டு எறிந்தான்.

யோன்


வென்ற்வேர்த்வில்
20 ஏப்ரல் 2026

என் அன்பான யோன் அண்ணா,

நேற்று ஞாயிறு விடியும்போது நானும் இவரும் வரவேற்பறையில் கணினிக்கு முன்னால் இருந்தோம். அங்கே சனி பின்னேரம். அவர்களுடைய சொந்த மைதானத்தில் விளையாட்டு. மற்ற அணி ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகம். சிட்னி மெல்பேர்ண் பகை எல்லாம் இதற்கு முன்னால் தூசு, அந்த இரண்டும் எங்கள் கொள்ளுப்பாட்டன் காலத்திலிருந்தே முறைத்துக்கொண்டு நிற்கின்றனவாம். மைதானத்தின் ஓரத்தில் பனி வழித்துக் குவித்த மேடு இன்னும் கரையாமல் கிடந்தது. பார்க்க வந்தவர்கள் போர்வைக்குள் இருந்தார்கள். எனக்கு வீட்டுக்குள் இருந்தே குளிர்ந்தது.

ஏழாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது பிரஷாந்தனைக் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கம் ஒரு புள்ளி முன்னால் நின்றது. முதல் பந்து வழுக்கிப் பக்கத்தால் போயிற்று. இரண்டாவது பந்து அடிக்க நின்ற பெடியனின் முகத்துக்குக் கிட்டவாகப் போனது. அவன் பின்னால் விழுந்து எழும்பினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தக் கன்னமும் இரத்தமும்தான் கண்ணுக்குள் வந்தது. பிரஷாந்தனுக்கும் அதுதான் வந்திருக்கும்.

கண்ணைத் திறந்தபோது விளையாட்டு நின்றிருந்தது. அம்பயர் எறிமேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

அண்ணா, அந்த நடை எனக்குத் தெரியும். உங்கள் ஊரில் பார்த்த அதே நடை. திரும்பவும் செய்துவிட்டானா? இந்த முறை என்ன பூசினான்? இவர் என் கையைப் பிடித்தார், இந்த முறை பேசாம இரும் என்று சொல்லவில்லை. திரையில் இரண்டு பேரும் கதைப்பது தெரிகிறது, ஒன்றும் கேட்கவில்லை. பிரஷாந்தன் கையை விரித்துக் காட்டினான். அம்பயர் மற்ற அணிக் கோச்சைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனுசன் தோளைக் குலுக்கிக் கையை உயர்த்தினார். அம்பயர் தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தார்.

பிறகு என் பிள்ளை அந்தக் கையை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் ஊதினான். வெள்ளையாக ஆவி பறந்தது.

அந்த ஒரு இன்னிங்ஸில் அவன் எறிந்த பந்துகள் எல்லாம் நேராகத்தான் போயின என்று சொல்ல ஆசை. இல்லை. ஒன்றை அடித்துவிட்டார்கள், ஒருவன் ஓடிப் புள்ளி எடுத்தான், ஆட்டம் சமனாயிற்று. பிறகு மூன்று பேரை அடுத்தடுத்து வெளியேற்றினான். கடைசியில் அவர்கள் அணிதான் வென்றது, அதை வேறொரு பிள்ளை வென்று கொடுத்தான். எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை.

கொஞ்ச நேரத்தில் ரெலிபோன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல். நான் வென்றதைப் பற்றியும் கேட்கவில்லை, சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை. "ஏன்ரா அம்பயர் உன்னட்ட வந்தவர்?" என்று அதைத்தான் கேட்டேன்.

"நான்தான் அம்மா கூப்பிட்டனான். அந்த யோன் அங்கிள் சொன்னதெல்லே. கேட்டுப்போட்டுத்தான் ஊதினனான்."

அண்ணா, ரெலிபோனை இவரிடம் நீட்டினேன். இவர்தான் வாங்கிப் பேசினார். நான் சாமி அறைக்குள் போனேன். நீங்கள் மெல்பேர்ணிலிருந்து அனுப்பிய அந்தச் சரை இவ்வளவு நாளும் முருகனின் காலடியில் திறக்காமல் கிடந்தது. திறந்தேன். எனக்குப் பூசினேன், இவர் வந்ததும் அவருக்கும் பூசிவிட்டேன். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதை மடித்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். நீங்கள் வேதக்காரர்தான், தெரியும். ஆனாலும் இது உங்களுக்கு உரியது அண்ணா. மாதாவின் படத்துக்குக் கீழே இடம் இருக்கும்தானே?

உங்கள் தங்கச்சி
ரஞ்சினி